காதோரப் பொட்டு

வெள்ளியம்புதூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் லீவு போடுவதை மறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. காய்ச்சல் அடித்தால் வர மாட்டார்கள், அம்மை போட்டால் வர மாட்டார்கள், தாய்மாமனுக்குக் கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். மற்றபடி மழையோ வெயிலோ, திங்கட்கிழமையோ பரீட்சையோ, வரிசையாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பாடம் அவ்வளவு ருசியாகிவிட்டதாக்கும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் அந்தப் பள்ளியில் ஒரு பீரியடு முழுக்க உட்கார்ந்து பார்த்ததில்லை என்று அர்த்தம். பாடம் அதே பாடம்தான். புதிதாக வந்தது பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கறுப்புப் பொட்டு.

பொட்டு வருவதற்கு முன்னால் அந்த வேலையைப் பிரதீபா செய்துகொண்டிருந்தாள். மாணவர் வருகை ஆலோசகர் என்பது அவளுடைய பதவியின் பெயர். அதை முழுசாகச் சொல்ல ஊரில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? 'புள்ள புடிக்கிற மிஸ்' என்றுதான் சொல்வார்கள். எந்தப் பிள்ளை அடிக்கடி வரவில்லையோ அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போவாள். காவிரிக் கரையோரம் நெடுக விசைத்தறி ஓடும் தறிக்குடோன்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

முதல் தடவை கேட்டால் எல்லாப் பிள்ளையும் வயிற்று வலி என்றுதான் சொல்லும். பொய் சொல்வதாக நினைக்கக் கூடாது, காலையில் எட்டு மணிக்கு அதுகளுக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும். பிரதீபா மறுத்துப் பேச மாட்டாள். சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுவாள். மறுபடி போவாள், மறுபடி போவாள். ஒருநாள் உண்மை வெளியே வரும். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். தறிக்காரன் மகனுக்கு அல்ஜீப்ரா எதற்கு என்று கணக்கு சார் வகுப்பில் வைத்துக் கேட்டதை ஒரு பையன் சொன்னான். அவள் திரும்பி வந்து தாழ்ப்பாள் போடவைப்பாள், கணக்கு சாரோடு மல்லுக்கு நிற்பாள், பிள்ளை திரும்ப வரும். நல்ல வேலைதான். ஆனால் ஒரு பிள்ளைக்கு மாசக்கணக்கில் ஆகும். மேலிடத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அப்புறம்தான் அரசாங்கத்தின் 'மனத்திடம்' திட்டம் வந்தது. பள்ளி அரங்கில் தாய்மார்களைக் கூட்டி வைத்து, சென்னையிலிருந்து வந்த இளம் டாக்டர் ஒருவர் விளக்கினார். நல்ல மனிதர், புரிகிற மாதிரி பேசினார்.

"நம்ம மூளைக்குள்ள ஒரு மணி இருக்குங்கம்மா. ஆபத்துன்னா அடிக்கும். உடனே நாம ஓடிருவோம். சில பிள்ளைங்களுக்கு அந்த மணி காலைல எட்டு மணிக்கே சும்மா சும்மா அடிக்குது. அதனாலதான் வயித்தைக் கலக்குது, வாந்தி வருது, பள்ளிக்கூடம் வேண்டாம்னு அழுவுது. இந்தப் பொட்டு என்ன செய்யும்னா, அந்த மணியோட நாக்குல ஒரு துணியைச் சுத்தி வச்ச மாதிரி. மணி அங்கேயேதான் இருக்கும். சத்தம் மட்டும் கேக்காது."

ஒரு தாய் எழுந்து கேட்டாள்: "நெசமாவே ஆபத்து வந்தா என்னங்க பண்றது, டாக்டரே?"

"பள்ளிக்கூடத்துல என்னம்மா ஆபத்து வரப்போகுது?" என்றார் டாக்டர்.

அரங்கமே சிரித்தது. பிரதீபாவும் சிரித்தாள்.

காலையில் ஒட்ட வேண்டும், பள்ளி விட்டு வந்ததும் எடுத்து டப்பாவில் வைத்துவிட வேண்டும் என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். காதுக்குப் பின்னால், எலும்பு மேல் ஒட்ட வேண்டும் என்று இடத்தையும் காட்டினார். வினை அந்த இடத்தில்தான் இருந்தது. பிறந்த குழந்தைக்குக் கண்ணேறு படக்கூடாது என்று தாய்மார்கள் மையைக் குழைத்து வைப்பது அங்கேதான். பொட்டும் கறுப்பு, இடமும் அதே இடம். திருஷ்டிப் பொட்டைச் சாயங்காலம் ஆனதும் துடைத்து எடுக்கிற தாய் எந்த ஊரில் இருக்கிறாள்? ராத்திரியும் இருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது, முழுப்பரீட்சை லீவிலும் இருந்தது. பழையது தேய்ந்தால் புதுசு ஒட்டினார்கள். பிள்ளைகள் வீட்டில் அடம் பிடிப்பதில்லை, இருட்டுக்குப் பயப்படுவதில்லை, ஊசி போட்டால் அழுவதில்லை என்று தாய்மார்கள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள்.

பிரதீபாவுக்கு இது தெரியும். புதுப் பொட்டு அவளுடைய கட்டைவிரல் பட்டால்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும் என்பதால், யார் எப்போது மாற்றுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் போகாது. எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதைப்பற்றிக் கவலையும் படவில்லை. அவள் காதுக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது.

"புள்ளைங்களுக்கு ஒட்டறதுக்கு முன்னாடி நாம ஒட்டிக் காட்டோணுமுங்க" என்று தலைமையாசிரியர் சென்னியப்பன் சொன்னதால் ஆசிரியர்கள் எல்லாரும் ஒட்டிக்கொண்டார்கள். முதல் வாரத்திலேயே ஆசிரியர் அறையில் சண்டை சச்சரவு நின்றுபோனது. பிரதீபாவின் கணவன் லோகநாதன் லாரி டிரைவர், மாசத்தில் பாதி நாள் வடக்கே இருப்பான். பொட்டு வந்த பிறகு தனியாகப் படுக்கும் ராத்திரிகள் அவளுக்குச் சுலபமாகிவிட்டன. எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

தன்ஷிகா என்ற பெண்ணைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பொட்டு வந்த சமயம் ஏழாம் வகுப்பு. வாரத்தில் பாதி நாள் வர மாட்டாள். தாய் சௌமியா தறிக்குடோனில் நூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றுகிற வேலைக்குப் போகிறவள், தகப்பன் இல்லை. பிரதீபா அந்த வீட்டுக்குப் பல தடவை போயிருக்கிறாள். கடைசியாகப் போனபோது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "மிஸ், ஒண்ணு சொன்னா யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்களே" என்று கேட்டாள். உடனே வாயை மூடிக்கொண்டாள். அவசரப்படுத்தக் கூடாது என்று பிரதீபா எழுந்து வந்துவிட்டாள். அடுத்த தடவை சொல்லிவிடுவாள் என்று உறுதியாக நம்பினாள். அந்த அடுத்த தடவை வருவதற்குள் பொட்டு வந்துவிட்டது. தன்ஷிகா தினமும் பள்ளிக்கு வர ஆரம்பித்தாள். வந்துவிட்ட பிள்ளையின் வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும்?

மாவட்டத்திலேயே வருகையில் முதலிடம் என்று பள்ளிக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் ஏறி வாங்கியது பிரதீபாதான். கைதட்டல் கேட்டது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கேடயம் வந்ததற்கு மறுவாரம், வியாழக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு இடைவேளை. பிரதீபா தன் அறை ஜன்னலருகே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே மூன்று மாடிக் கட்டடம். அதன் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். உள்பக்கம் மூன்று பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே நடப்பது தன்ஷிகா.

விழுந்தால் செத்துப்போவாள் என்று பிரதீபாவுக்குத் தெரிந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை என்று தெரிகிற மாதிரி தெரிந்தது. யாராவது போய் இறக்கிவிட வேண்டும், தானே போகலாம் என்று நினைத்தாள். டம்ளரில் பாதி டீ மிச்சமிருந்தது. ஆறிப்போகுமே என்று அதைக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு படியிறங்கி, மைதானத்தைக் கடந்து, எதிர்க் கட்டடத்துப் படிகளில் ஏறினாள். ஓடவில்லை, நடந்தே போனாள்.

அவள் போய்ச் சேரும்போது தன்ஷிகா சுவரின் கோடியில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"இறங்கு" என்றாள் பிரதீபா.

"சரிங் மிஸ்." அந்தப் பெண் உள்பக்கம் குதித்துச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மற்ற மூவரும் மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். அவர்களில் பெரியவளான வர்ஷிதா ஒளிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "முன்னயெல்லாம் ஏறச் சொன்னா அழுவா மிஸ். கால்ல உழுவா. பாக்கறதுக்குச் சிரிப்பா இருக்கும். இப்ப ஏறுன்னா ஏறிர்றா. போரடிக்குதுங் மிஸ்" என்றாள். அவள் காதுக்குப் பின்னாலும் பொட்டு இருந்தது. மாட்டிக்கொள்வோமே என்ற பயம் அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை.

தன்ஷிகாவைத் தன் அறைக்கு அழைத்துவந்து உட்காரவைத்தாள் பிரதீபா. இருவரும் பேசிக்கொண்டதை வெளியிலிருந்து யாராவது கேட்டிருந்தால், சத்துணவு மெனுவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"எப்ப இருந்து இது?"

"ஆறாவதுலருந்துங் மிஸ்."

"அதனாலதான் லீவு போட்டுட்டு இருந்தியா?"

"ஆமாங் மிஸ். ஏறலைன்னா தண்ணித் தொட்டி ரூமுக்குள்ள உட்டுப் பூட்டிருவாங்க. அதான் வர மாட்டேன்."

"நான் உங்க வீட்டுக்கு அத்தனை தடவை வந்தேனே. ஏன் சொல்லல?"

"அப்பச் சொல்லறதுக்குப் பயமா இருந்துச்சுங் மிஸ்."

"இப்ப?"

தன்ஷிகா யோசித்துப் பார்த்தாள். "இப்பத்தான் பயமே இல்லையே மிஸ். அப்புறம் எதுக்குச் சொல்லோணும்?"

பெல் அடித்தது. வகுப்புக்குப் போகட்டுமா என்று கேட்டாள். பிரதீபா போகச் சொன்னாள்.

சென்னியப்பனிடம் போய்ச் சொன்னபோது அவரும் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பொட்டுக்கு முந்தைய காலத்தில், ஒரு பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாலே பஞ்சும் டிங்சரும் எடுத்துக்கொண்டு தானே ஓடுவார். இப்போது கண்ணாடியைத் துடைத்தபடி, "மாடிக் கதவைப் பூட்டிரலாமுங்க" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே பூட்டு வாங்கிப் பூட்டியும் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிரதீபா இரவுச் சமையலுக்குக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள். தான் ஓடவில்லை என்பது அவள் மனசில் ஒரு கணக்குப் பிசகு மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஓடியிருக்க வேண்டும். ஏன் ஓடவில்லை? காரணம் அவளுக்குத் தெரியும். அது சரிதானா என்று பார்க்கத்தான், காதுக்குப் பின்னால் நகத்தை விட்டுப் பொட்டை உரித்தாள். சின்னக் கறுப்பு வட்டம், விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. கத்தரிக்காய் முழுவதையும் நறுக்கி முடித்தாள். தண்ணீரில் போட்டாள். அப்புறம் அந்தக் கால் ஞாபகம் வந்தது, சுவரின் விளிம்பில் கட்டைவிரலை அழுத்தி ஊன்றிய வெறுங்கால். பிரதீபா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டிவரை போவதற்குள் வாந்தி எடுத்தாள். ஐயோ, அந்தப் பிள்ளை விழுந்திருந்தால். நான் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேனே.

லோகநாதன் நாக்பூர் பக்கமிருந்து போன் செய்தான்.

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்குது? அழுவறயா?"

அவள் போனைத் தள்ளிப் பிடித்து மூக்கைத் துடைத்தாள்.

"அட, நீ அழுவறதக் கேட்டே ரொம்ப நாளாச்சு" என்றான். சந்தோஷப்படுகிற மாதிரி இருந்தது அவன் குரல்.

"ஏனுங்க" என்றாள் பிரதீபா. "ஆடி மாசம் எங்கம்மா செத்தப்ப நான் அழுதனா?"

அந்தப் பக்கம் அவன் லாரியை ஓரங்கட்டி நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"இல்ல" என்றான் அப்புறம். "வந்தவங்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுத்துட்டு இருந்த. தைரியசாலின்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. எனக்குத்தான் பகீர்னு இருந்துச்சு. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

அன்றைக்குச் செத்த அம்மாவுக்கு அவள் இன்றைக்கு அழுதாள்.

மறுநாள் காலையில் எட்டு மணிக்கு அவளுக்கு வயிறு வலித்தது. பள்ளிக்கூடத்தை நினைத்தாலே வாய் உலர்ந்தது. அந்தக் கட்டடத்துக்குள் நுழைய வேண்டுமா என்று இருந்தது. ஒரு நாள் லீவு போட்டால் என்ன? இத்தனை வருஷம் எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த வலி தன் வயிற்றில் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பொட்டு அலமாரியில் டப்பாவில் இருந்தது. அதை எடுக்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

முதல் பீரியடிலேயே தன்ஷிகாவைக் கூப்பிட்டனுப்பினாள். தாயைக் கேட்காமல் பிள்ளையின் பொட்டை எடுக்கக் கூடாது என்று விதி. பிரதீபா கேட்கவில்லை. "காதைக் காட்டு கண்ணு" என்றாள். அந்தப் பெண் முடியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள். பொட்டை உரித்ததும், மாசக்கணக்கில் அது ஒட்டியிருந்த இடம் வெளுத்து வட்டமாகத் தெரிந்தது.

அவளும் கொஞ்ச நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்க் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் சரிந்தாள்.

"மிஸ், நான் அதுலயா நடந்தேன்?"

பிரதீபா பக்கத்தில் உட்கார்ந்து அணைத்துக்கொண்டாள். எப்படியும் ஒரு மணி நேரம் அப்படியே இருந்திருப்பார்கள்.

அன்றோடு தன்ஷிகா வருவது நின்றது. ஒரு நாள், இரண்டு நாள் என்று போய் ஒரு வாரமும் தாண்டியது. சென்னியப்பன் பிரதீபாவைக் கூப்பிட்டார்.

"மேடம், தப்பு பண்ணுன மூணு புள்ளைங்களையும் வேற செக்சனுக்கு மாத்தியாச்சு. மாடிக்குப் பூட்டு போட்டாச்சு. இதுக்கு மேல அந்தப் புள்ள வர்றதுக்கு என்ன தடைன்னு எனக்குப் புரியலீங்க."

"பயமா இருக்குதுங்க சார், அவளுக்கு."

"அதுக்குத்தானே பொட்டு?" என்றார் அவர். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "மேலிடத்துலருந்து கேட்டாங்க. அனுமதி இல்லாம எடுத்தது நீங்கன்னு நான் இன்னும் சொல்லல. சொல்ல வேண்டி வரும். திங்கக்கிழமை அந்தப் புள்ளைக்கு ஒட்டிருங்க, எல்லாருக்கும் நல்லது. நீங்களும் ஒட்டிக்குங்க. முகமே சரியில்ல உங்களுக்கு."

பொட்டோடு இருந்திருந்தால் பிரதீபா அவரிடம் முடியாது என்று தயங்காமல் சொல்லியிருப்பாள். வேலை போகுமோ என்ற பயம் அப்போது அவளுக்கு இல்லை. ஆனால் அப்போது அந்தப் பிள்ளைமேல் அக்கறையும் இல்லை. இப்போது அக்கறை வந்துவிட்டது, கூடவே பயமும் வந்துவிட்டது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே சௌமியா வீட்டுக்குப் போனாள். தன்ஷிகா கட்டிலுக்கடியில் இருந்தாள், வெளியே வரவில்லை. சௌமியா டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"ஒரு வருசமா நிம்மதியா இருந்தனுங்க மிஸ். இவ லீவுன்னா நானும் லீவு. இப்படிக் கெடக்கற புள்ளையத் தனியா உட்டுப்போட்டு நான் எப்படித் தார் சுத்தப் போறது? ஓனரு இனிமே வர வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு. கெஞ்சிக் கூத்தாடி திங்கக்கிழமை வரைக்கும் கேட்டு வாங்கியிருக்கறேன். எங்களக் கேக்காம எதுக்குங்க எடுத்தீங்க?"

"சுவத்து மேல நடந்தா சௌமியா. மூணு மாடி."

"தெரியுமுங்க. இப்ப அதத்தான் ராத்திரியெல்லாம் சொல்லிச் சொல்லி அழுவறா." சௌமியா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நானும் அழுவறேன். அழுதா சோறு வருமுங்களா?"

பிரதீபா டீயைக் குடிக்கப் பிடிக்காமல் வைத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை. பிரதீபா பள்ளி கேட்டுக்கு முன்னால் நின்றிருந்தாள். பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. முன்பெல்லாம் இந்த நேரத்தில் ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழும். இப்போது அதுகளும் பேசாமல் போகின்றன. ரோட்டில் ஒரு டிப்பர் லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது. ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சௌமியா மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு கையில் புதுப் பொட்டு, அட்டையோடு. தன்ஷிகாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. கேட் தெரிந்ததுமே நின்றுவிட்டாள்.

"ஒட்டி உடுங்க மிஸ்" என்றாள் சௌமியா. "எனக்கு நேரமாவுது."

பிரதீபா பொட்டை வாங்கிக்கொண்டாள். தன் கட்டைவிரலை வைக்காமல் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

"ஒட்டிருங்க மிஸ்" என்று தன்ஷிகாவும் சொன்னாள். "என்னால முடியலீங் மிஸ். நெஞ்செல்லாம் அடிச்சுக்குது."

"ஒட்டுனா, யாராவது மறுபடி எங்கயாச்சும் ஏறச் சொன்னா ஏறிருவியே கண்ணு."

"ஏறுவேன். அப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாதில்லீங் மிஸ். அது போதும்."

ஒட்டிவிட்டால் இந்த நிமிஷமே அந்தப் பிள்ளையின் வேதனை தீர்ந்துவிடும். சௌமியா வேலைக்குப் போவாள். சென்னியப்பன் மேலே ஒன்றும் சொல்ல மாட்டார். எல்லாருக்கும் நல்லதுதான். கட்டைவிரல் பொட்டுக்கு மேலே போய் நின்றது.

அழுத்தவில்லை. கேட் ஓரமாக இருந்த சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தாள், தன்ஷிகாவையும் உட்காரவைத்தாள். பொட்டு வருவதற்கு முந்தைய காலத்தில் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"மாடியப் பூட்டியாச்சு. அந்த மூணு பேரும் உன்ற வகுப்புல இல்ல. இன்னும் எதுக்குக் கண்ணு வர மாட்டேங்கற?"

அந்தப் பெண் பேசவில்லை. பிரதீபாவும் மறுபடி கேட்கவில்லை. சௌமியா ஏதோ சொல்ல வாயெடுத்து, பிரதீபாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு மேல இருந்து உங்களப் பாத்தேன் மிஸ்" என்றாள் தன்ஷிகா, தரையைப் பார்த்துக்கொண்டு. "ஜன்னல்ல நின்னுட்டிருந்தீங்க. நீங்களும் என்னப் பாத்தீங்க. அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. இப்பத்தான் திரும்பத் திரும்பத் தோணுது. நீங்க டீ குடிச்சீங்க மிஸ்."

சௌமியா மெல்லத் திரும்பிப் பிரதீபாவைப் பார்த்தாள்.

"வர்ஷிதா மேலயெல்லாம் இப்பப் பயம் கம்மிதாங் மிஸ். ஆனா இங்க எல்லா மிஸ்ஸும் சாரும் ஒட்டியிருக்காங்க. நான் உழுந்தா ஒருத்தரும் ஓடி வர மாட்டாங்க. நடந்துதான் வருவாங்க."

பிரதீபாவுக்குச் சொல்லிக்கொள்ள எவ்வளவோ இருந்தது. நானும் ஒட்டியிருந்தேன், எனக்கும் தெரியவில்லை, அன்று சாயங்காலமே எடுத்துவிட்டேன், அழுதேன், வாந்தி எடுத்தேன். அந்தப் பிள்ளையின் முன்னால் ஒன்றும் எடுபடாது என்று தோன்றியது.

"ஆமா சாமி" என்றாள். "நான் ஓடி வரல."

தன்ஷிகா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டி, பிரதீபாவின் முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் தடவினாள். விரல் அங்கே ஒன்றையும் காணாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அடுத்த காதையும் தடவிப் பார்த்தாள். அப்புறம் பிரதீபாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கை நடுங்குது மிஸ்."

"ஆமா."

"எதுக்கு?"

"உனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு. எனக்கு வேலை போயிருமோன்னு. இந்தக் கேட்டுக்குள்ள போகோணுமேன்னு. எல்லாத்துக்கும்தான் நடுங்குது."

"மத்தியானமும் நடுங்குமா?"

"நடுங்கும்."

"நாளைக்கும்?"

"நாளைக்கும் நடுங்கும் கண்ணு. இனி எடுத்து ஒட்ட மாட்டேன்."

உள்ளே பிரேயர் பெல் அடித்தது. சென்னியப்பன் வராந்தாவில் நின்று இவர்கள் பக்கம் பார்ப்பது தெரிந்தது.

"அப்ப வர்றேன் மிஸ்" என்றாள் தன்ஷிகா.

சௌமியா பொட்டைத் திருப்பி வாங்கிப் பர்சுக்குள் வைத்துக்கொண்டு தறிக்குடோனைப் பார்த்து வேகமாக நடந்தாள். தன்ஷிகா எழுந்தாள். அவள் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒருவர் கையை ஒருவர் விடாமல் இருவரும் கேட்டைத் தாண்டி உள்ளே போனார்கள்.